அவருக்கு வார்டு, எனக்கு ஃபில்டர்: மார்மன் கணவரோடு குடும்பம் நடத்துவது எப்படி

இது யாருக்கு என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் யூட்டா, ஐடஹோ, அரிசோனா பக்கம் படிக்கவோ வேலைக்கோ வந்து, ஒரு மார்மனைக் காதலித்து, கல்யாணப் பேச்சுவரை வந்துவிட்ட அல்லது கல்யாணமே முடிந்துவிட்ட, கடவுள் நம்பிக்கை இல்லாத நம்மவர்களுக்கு. நான் லீஹையில் இருக்கிறேன். சால்ட் லேக் சிட்டிக்குத் தெற்கே, மென்பொருள் நிறுவனங்கள் வரிசையாக முளைத்திருக்கும் ஊர். ஊர்ப் பெயரே மார்மன்களின் வேதமான மார்மன் புத்தகத்தில் வரும் ஒரு தீர்க்கதரிசியின் பெயர்தான். என் கணவர் அந்தச் சபையிலேயே பிறந்து வளர்ந்து, பிரேசிலில் இரண்டு வருடம் மிஷன் ஊழியம் செய்துவிட்டு வந்தவர். நான் கும்பகோணத்துக்காரி. அப்பா கறுப்புச் சட்டை, அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுபவர். நான் அப்பா பக்கம்.

சபையின் முழுப் பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 'மார்மன்' என்று கூப்பிடுவதை விட்டுவிடும்படி 2018இல் அப்போதைய தலைவர் ரஸ்ஸல் நெல்சன் கேட்டுக்கொண்டார். சுருக்கத்துக்காக இங்கே எழுதுகிறேன், மாமியார் முன்னால் சொல்ல மாட்டேன். நீங்களும் அப்படியே இருங்கள். அதில் நமக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

அவருடைய துக்கம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம்பாதவரும் நம்புகிறவரும் ஒரே வீட்டில் வாழ்வது நமக்குப் புதிதில்லை. அப்பா அம்மாவைச் சைக்கிளில் கோயில் வாசல்வரை கொண்டுபோய் விடுவார். எதிர் டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். அம்மா கொண்டுவரும் சர்க்கரைப் பொங்கலைக் கூச்சமே இல்லாமல் சாப்பிடுவார். அம்மாவின் புண்ணியத்துக்கு அப்பாவின் கையெழுத்து தேவைப்படவில்லை. அதனால்தான் அந்தக் குடும்பம் சண்டையில்லாமல் ஓடியது.

மார்மன் வீட்டில் அந்தக் கையெழுத்து தேவை. அங்கேதான் எல்லாச் சிக்கலும். அவர்கள் நம்பிக்கைப்படி மறுமையில் மூன்று நிலைகள் உண்டு. நம்மைப் போன்றவர்களை யாரும் எண்ணெய்க் கொப்பரையில் போடப்போவதில்லை. யோக்கியமாக வாழ்ந்தால் நடு நிலையில் கௌரவமான இடம் கிடைக்கும். ஆனால் உச்ச நிலையில், அதிலும் மிக உயர்ந்த இடத்துக்கு, ஒற்றை ஆளாகப் போக முடியாது. டெம்பிளில் 'சீலிங்' என்ற சடங்கில் கணவனும் மனைவியும் நித்தியத்துக்கும் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். அதற்கு இருவரும் ஞானஸ்நானம் பெற்று, சபை விதிப்படி வாழ வேண்டும். ஆக, நீங்கள் நம்பவில்லை என்றால் அவர் மனதில் அது உங்கள் சொந்த விஷயமாக நிற்காது. செத்த பிறகும் சேர்ந்திருக்கலாம் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுக்கப்பட்ட குடும்பம் தனக்கு மட்டும் இல்லாமல் போகிறதே என்ற துக்கம் அது.

இங்கே எத்தனையோ வீட்டுக் கூடங்களில் 'குடும்பங்கள் என்றென்றைக்கும்' என்று எழுதிய பலகை தொங்கும். மாமியார் வீட்டில் அது சாப்பாட்டு மேசைக்கு நேர் மேலே இருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் ஒவ்வொரு ஞாயிறும் ரோஸ்ட்டும் உருளைக்கிழங்கும் சாப்பிடுகிறேன். அது என்னைக் குத்திக்காட்டுவதற்காக மாட்டியதில்லை. நான் வருவதற்கு வெகுகாலம் முன்பே அங்கே இருந்தது.

இந்தத் துக்கத்துக்குத் தர்க்கத்தால் பதில் சொல்லாதீர்கள். "மறுமையே இல்லை, அப்புறம் என்ன கவலை?" என்பது நமக்கு ஆறுதலாகத் தோன்றும். அவருக்கு அது இழவு வீட்டில் அடித்த ஜோக். நான் சொல்வது இவ்வளவுதான்: "எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, வரும் என்றும் தோன்றவில்லை. ஆனால் உன் வருத்தம் நிஜம் என்று எனக்குத் தெரியும்." அதற்கு அவர், கடவுள் அன்பானவர், எல்லாவற்றையும் அந்தப் பக்கம் போனதும் சரிசெய்துகொள்வார் என்பார். நம்பிக்கையில்லாத துணையோடு வாழும் பல மார்மன்கள் பிடித்துக்கொண்டிருப்பது இந்தக் கொழுகொம்பைத்தான். அதைப் பிடுங்குவது நம் வேலை இல்லை.

கல்யாணத்துக்கு முன்பு உறவினர் யாராவது "அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்ற பவுலின் வசனத்தை எடுத்துவிடுவார்கள். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 7ஆம் அதிகாரத்தில், நம்பாத துணை சேர்ந்து வாழச் சம்மதித்தால் தள்ளிவிடாதே என்றும் எழுதியிருக்கிறார். நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டாம். உங்கள் ஆளுக்கே தெரிந்திருக்கும், அவரே சொல்லட்டும்.

டெம்பிள் வேறு, சர்ச் வேறு

ஞாயிற்றுக்கிழமை போவது வார்டுக் கட்டடத்துக்கு. வார்டு என்றால் அந்தந்தப் பகுதிச் சபை. யார் வேண்டுமானாலும் போகலாம். டெம்பிள் வேறு. அது ஞாயிறு மூடியிருக்கும், மற்ற நாளில் போக 'ரெக்கமெண்ட்' என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வார்டின் தலைவரான பிஷப்பும், அவருக்கு மேலே பல வார்டுகள் சேர்ந்த 'ஸ்டேக்'கின் தலைவரும் உட்காரவைத்துக் கேள்வி கேட்டுத்தான் தருவார்கள். தசமபாகம் முழுசாகக் கட்டுகிறாயா, காபி, டீ, மது, புகையிலை இல்லாமல் இருக்கிறாயா, நேர்மையாக இருக்கிறாயா என்று போகும் கேள்விகள். மனைவி நம்புகிறாளா என்ற கேள்வி அதில் கிடையாது. உங்களால் அவர் சீட்டு பறிபோய்விடும் என்று பயப்பட வேண்டாம்.

நாம் உள்ளே போக ஒரே வழி, புது டெம்பிளைப் பிரதிஷ்டை செய்வதற்கு முன் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் சில வாரங்கள்தான். பக்கத்து ஊரான ஸரட்டோகா ஸ்பிரிங்ஸில் 2023இல் அப்படித் திறந்தபோது போய்வந்தேன். கட்டாயம் போங்கள். உங்கள் கணவர் எதை நினைத்து வாழ்கிறார் என்பதைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு வேறு கிடைக்காது. சீலிங் அறையில் எதிரெதிர்ச் சுவரில் பெரிய கண்ணாடிகள் மாட்டியிருப்பார்கள். நடுவில் இருவர் நின்றால் இரு பக்கமும் பிம்பத்துக்குள் பிம்பமாக முடிவே இல்லாமல் போகும். நித்தியம் என்பதை எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியவைத்துவிடுகிற ஏற்பாடு. நம்பாதவளுக்கும் அந்த இடத்தில் வாய் அடைத்துத்தான் போகிறது.

கடினமான நாள் ஒன்று உண்டு: நாத்தனார், கொழுந்தன் கல்யாணம். சடங்கு டெம்பிளுக்குள் நடக்கும், உங்களை விடமாட்டார்கள். நம் ஊரில் தாலி கட்டும்போது அண்ணியை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தினால் இரண்டு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. இங்கே அதுதான் வழக்கம். நாத்தனாருக்கு அமெரிக்கன் ஃபோர்க்கில் உள்ள மவுண்ட் டிம்பனோகஸ் டெம்பிளில் நடந்தது. வாசலில் பூப்பாத்தி ஓரமாகக் காத்திருந்தவர்களில் நான், மாப்பிள்ளையின் கல்லூரித் தோழர்கள், சபையை விட்டு விலகிப்போன ஒரு பெரியப்பா, பிறகு ஏகப்பட்ட குழந்தைகள். குழந்தைகளையும் உள்ளே விடுவதில்லை. எனவே நீங்களே முந்திக்கொண்டு "குழந்தைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு உங்களைவிட வேண்டப்பட்டவர் யாரும் இருக்க மாட்டார்கள். தின்பண்டம், தண்ணீர், ஈரத் துடைப்பான் எடுத்துப்போங்கள். கதவு திறந்து மணமக்கள் வெளியே வந்ததும் எல்லோரும் படியில் நின்று படம் எடுப்பார்கள், அதில் முன்வரிசையில் நில்லுங்கள். பட்டுப்புடவையும் கட்டிக்கொள்ளுங்கள். மாலை வரவேற்பு பெரும்பாலும் வார்டுக் கட்டடத்திலோ மண்டபத்திலோ நடக்கும், அங்கே எந்தத் தடையும் இல்லை.

காபி

இதைத்தான் ஊரிலிருந்து எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். 1833இல் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் அறிவித்த 'ஞான வார்த்தை'யின்படி காபி, டீ, மது, புகையிலை கூடாது. கோலா குடிக்கலாம். அதனால் இந்த ஊரில் குளிர்பானத்தில் கிரீமும் சிரப்பும் ஊற்றிக் கலந்து விற்கும் கடைகளில் காலையிலேயே கார் வரிசை நிற்கும். அந்தச் சர்க்கரையைப் பார்த்தால் என் டிகாக்‌ஷன் எவ்வளவோ தேவலை என்று தோன்றும். வெளியே சொல்வதில்லை.

வழி ரொம்பச் சுலபம். ஒளிக்காதீர்கள். கல்யாணமான புதிதிலேயே பித்தளை ஃபில்டரை அடுப்பு மேடையில் வைத்துவிட்டேன். மாமியார் வந்தாலும் அது அங்கேயேதான் இருக்கும். ஒளித்துவைத்தால் அது பாவம் என்று நீங்களே ஒத்துக்கொண்டது போலாகிவிடும், பிள்ளைகளும் அப்படித்தான் படிப்பார்கள். அதே சமயம் அவர் முன்னால் டம்ளரை ஆற்றி ஆற்றி "ஆஹா" என்று கண்ணை மூடவும் வேண்டாம். வார்டிலிருந்து ஆள் வந்தால் எலுமிச்சைச் சாறோ சூடான சாக்லெட்டோ கொடுங்கள். சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டுக் கருப்பட்டி சேர்த்துக் கொதிக்கவைத்துக் கொடுத்தாலும் சந்தோஷமாகக் குடிப்பார்கள். காபித் தூள் இல்லை என்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இந்தியக் கடைக்குப் போகும்போது எனக்குக் காபித் தூள் வாங்கிவருவது என் கணவர்தான். வாழ்நாளில் ஒரு வாய் குடித்ததில்லை. ஆனாலும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து, சிக்கரி 20 சதவீதத்துக்கு மேல் போனால் திருப்பி வைத்துவிடுவார். இந்த வீட்டில் எங்களுக்குள் எப்படி ஓடுகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

பிள்ளைகளுக்குக் காபி எப்போது என்பதைத் தனியாகப் பேசி முடிவெடுங்கள். எங்கள் வீட்டில் 16 வயதுவரை கிடையாது, அப்புறம் அவரவர் இஷ்டம். மது குடிப்பவராக இருந்தால் இன்னொரு விஷயம்: யூட்டாவில் ஒயினும் சாராய வகைகளும் அரசுக் கடையில் மட்டும்தான், ஞாயிறு விடுமுறை. வீட்டில் வைத்துக்கொள்ளலாமா, வெளியில் மட்டுமா என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

பணம்

தசமபாகம் என்றால் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. கல்யாணத்துக்கு முன் பேசவேண்டிய முதல் விஷயம் இது. சம்பளம் வருடத்துக்கு 1,00,000 டாலர் என்றால் 10,000 போகும். இருபது வருடத்தில் 2 லட்சம் டாலர். வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையிலா பிந்தையதிலா என்று சபை வரையறுக்கவில்லை, அவரவர் மனசாட்சி. உங்கள் ஆள் எந்தக் கட்சி என்று கேட்டுவையுங்கள், வித்தியாசம் ஆயிரக்கணக்கில் வரும். அதுபோக மாதம் ஒரு முறை உபவாசக் காணிக்கை உண்டு.

எங்கள் ஒப்பந்தம்: அவர் சம்பளத்தில் அவர் கட்டுவார், நான் வாய் திறக்க மாட்டேன். என் சம்பளத்திலிருந்து ஒரு காசு போகாது, அவர் வாய் திறக்க மாட்டார். வீட்டுச் செலவுக்குப் பொதுக் கணக்கில் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டுவிடுவோம். என் அப்பா அம்மா தரும் பணம், ஊர்ச் சொத்து எதுவும் இந்தக் கணக்கில் வராது. வருமான வரிப் படிவத்தில் நன்கொடைக் கழிவு கேட்க முடிகிறதா என்று பாருங்கள், அது நம்பிக்கையில்லாதவருக்கும் பொருந்தும் ஆசீர்வாதம்.

சபையின் முதலீட்டு நிறுவனமான என்ஸைன் பீக் தன் பங்குகளைச் சரிவர வெளிக்காட்டவில்லை என்று 2023இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் அதற்கும் சபைக்குமாக 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அந்தச் செய்தி வந்த அன்று எனக்கு நாக்கு நமநமத்தது உண்மை. சொல்லவில்லை. அவரே இரவு, "படித்தாயா?" என்றார். "படித்தேன்" என்றேன். "எனக்கும் பிடிக்கவில்லை" என்றார். அந்த மாதமும் கட்டினார். அவர் கட்டுவது அந்த நிறுவனத்துக்கு இல்லை, கடவுளுக்கு என்று அவருக்குள் ஒரு கணக்கு. அது என் கணக்கில் சேராது.

ஞாயிறும் மற்ற நாட்களும்

முன்பு மூன்று மணி நேரமாக இருந்த ஞாயிறு ஆராதனை 2019 ஜனவரியிலிருந்து இரண்டு மணி நேரம். நீங்கள் போகலாமா வேண்டாமா? வாராவாரம் போனால் இன்றோ நாளையோ சேர்ந்துவிடுவீர்கள் என்று நம்பிக்கை வளர்த்துவிடுவீர்கள். ஒரேயடியாகப் போகாமல் இருந்தால் பிள்ளைகள் மேடையேறிப் பேசும் நாளில் உங்கள் இடம் காலியாக இருக்கும். நான் பிள்ளைகள் பேசும் நாள், கிறிஸ்துமஸ், சொந்தக்காரர் குழந்தைக்குப் பெயர்சூட்டி ஆசீர்வதிக்கும் நாள் ஆகியவற்றுக்குப் போவேன். ரொட்டித் தட்டும் தண்ணீர்த் தட்டும் கைக்கு வரும். எடுக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டால் போதும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். இரண்டு வேளை சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் இருப்பார்கள். அன்று மதியம் கோழி வறுக்காதீர்கள். தயிர்சாதம், ஊறுகாய் என்று முடித்துக்கொள்ளுங்கள். மாலை அவர் உபவாசம் முடிக்கும்போது சூடாக ஏதாவது செய்துவைத்தால் அன்றைய நாள் நல்லபடியாகக் கழியும். ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போக மாட்டார், ஓட்டலுக்கும் வர மாட்டார். பெட்ரோல், பால், டயப்பர் எல்லாம் சனிக்கிழமையே.

திங்கள் இரவு குடும்ப மாலை. பாட்டு, சின்னப் பாடம், விளையாட்டு, இனிப்பு. நான் விளையாட்டுக்கும் இனிப்புக்கும் பொறுப்பு. ஏப்ரலிலும் அக்டோபரிலும் வரும் பொது மாநாட்டின்போது சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொலைக்காட்சியில் உரைகள் ஓடிக்கொண்டே இருக்கும். நான் ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேறு அறைக்குப் போய்விடுவேன், சில சமயம் மலைப்பக்கம் காரை விடுவேன்.

பணத்தைவிட அதிகமாகத் திருடுபோவது நேரம்தான். பிஷப் உட்பட வார்டில் யாருக்கும் சம்பளம் இல்லை. எல்லா வேலையும் 'காலிங்' என்று உறுப்பினர்கள் தலையில்தான் விழும். இளைஞர் பொறுப்பு கிடைத்தால் வாரத்தில் ஒரு மாலை, கோடையில் ஒரு முகாம், நடுநடுவே போன். ஒரே ஒரு விதி வையுங்கள்: காலிங் கொடுத்தால் அங்கேயே தலையாட்டாமல் "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று வரவேண்டும். என் கணவர் அப்படி வந்து கேட்டு, நான் வேண்டாம் என்று சொல்லி, அவரும் மறுத்த காலிங் உண்டு. வானம் இடிந்து விழவில்லை.

உள்ளாடை விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால் போதும். டெம்பிள் சடங்கு முடித்தவர்கள் இரவும் பகலும் அணியும் வெள்ளை உள்ளாடை அவர்களுக்குப் புனிதமானது. கிண்டல் அடிக்காதீர்கள், தோழிகளிடம் கதை சொல்லாதீர்கள். நம் வீட்டில் பூணூலோ தாலியோ எப்படியோ அப்படி.

வார்டு என்பது உங்கள் தெருதான்

வார்டு எல்லை வீட்டு விலாசத்தை வைத்து. எனவே இங்கே பக்கத்து வீட்டுக்காரரும் வார்டுக்காரரும் பெரும்பாலும் ஒரே ஆள். பனி கொட்டிய காலையில் நீங்கள் எழுவதற்குள் யாரோ வாசலைத் தள்ளிச் சுத்தம் செய்திருப்பார்கள். எனக்குச் சிசேரியன் ஆனபோது பெண்கள் சங்கமான ரிலீஃப் சொசைட்டி முறைவைத்துச் சாப்பாடு அனுப்பியது. சீஸும் கார்ன்ஃபிளேக்ஸும் போட்டு வேகவைத்த உருளைக்கிழங்கை அப்போது சாப்பிட்ட மாதிரி நான் எப்போதும் சாப்பிட்டதில்லை. உறைப்பு வேண்டுமே என்று ஒருத்தி மேலே மிளகாய்த்தூள் தூவி அனுப்பியிருந்தாள். அமெரிக்காவில் வேறெந்த ஊரிலும் இப்படிப்பட்ட அக்கம்பக்கம் எனக்கு வாய்த்ததில்லை. நம்பிக்கையில்லாதவள் என்பதற்காக இதைச் சொல்லாமல் விடமாட்டேன்.

இதன் மறுபக்கம், சிலருக்கு நீங்கள் ஒரு திட்டப்பணி. யார் அப்படி, யார் நிஜமான சிநேகிதி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நேராகச் சொல்லிப் பாருங்கள். "நான் சேரப்போவதில்லை. அது தெரிந்தபின்னும் காபி குடிக்கிற ஒருத்தியோடு நடைப்பயிற்சி வர இஷ்டமா?" சிலர் மெல்லக் கழன்றுகொள்வார்கள். மிஞ்சுபவர்கள் கடைசிவரை வருவார்கள். குக்கீ கொடுத்தால் வாங்குங்கள், தட்டைக் காலியாகத் திருப்பாமல் முறுக்கு வைத்துக் கொடுங்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பெயர்ப் பட்டையுமாக வரும் மிஷனரிப் பையன்கள் 18, 19 வயதுக் குழந்தைகள். வீட்டை விட்டு வந்திருப்பவர்கள். சோறு போடுங்கள், பாடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சாம்பார் சாதத்தை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நன்றி சொல்லிப் போவார்கள்.

பிள்ளைகள்

இங்கேதான் குடும்பங்கள் உடைகின்றன. ஆகவே குழந்தை பிறப்பதற்கு முன்பே பேசி, முடிந்தால் ஒரு தாளில் எழுதிவிடுங்கள். எங்கள் தாளில் மூன்று வரி. ஞாயிறு பிள்ளைகள் அப்பாவோடு போவார்கள். அம்மா நம்பவில்லை என்பதை மறைக்கமாட்டோம். ஞானஸ்நானம் பிள்ளை கேட்டால்தான், வயது வந்துவிட்டது என்பதற்காக இல்லை.

எட்டு வயது ஆனதும் ஞானஸ்நானம் என்பது இங்கே ஒரு விழா. மைனர் பிள்ளைக்கு அதைச் செய்யப் பெற்றோரின் அனுமதி வேண்டும் என்பது சபையின் சொந்த விதி. அது உங்கள் கையில் இருக்கும் பிடி. ஆனால் அதை வைத்து மிரட்டாதீர்கள். மகளை நான் தனியாகக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் கடையில் கேட்டேன். தோழிகள் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள் என்றாள், அப்பாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றாள், எனக்கே வேண்டும் என்றும் சொன்னாள். மூன்றாவது காரணம் போதும் என்று சம்மதித்தேன். அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்தேன். வெள்ளை உடுப்பில் அவளும் அப்பாவும் தண்ணீரில் இறங்கினார்கள். உடம்பு முழுக்க முங்க வேண்டும் என்பது விதி, இரண்டு சாட்சிகள் குனிந்து பார்ப்பார்கள். நான் பின்னிவிட்ட சடை மிதந்து மேலே வந்துவிட்டது. மறுபடியும் முக்கினார்கள். இரண்டாவது தரம் எழுந்து மூக்கைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். துண்டோடு போய் உடைமாற்றும் அறையில் தலை துவட்டிவிட்டது நான்தான். நீளமான முடி இருந்தால் கொண்டையாகக் கட்டிவிடுங்கள்.

மகன், யோசித்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் யோசிக்கிறான். 9 வயது ஆகிவிட்டால் சபைக் கணக்கில் அது மதம் மாறி வருபவரின் ஞானஸ்நானம், மிஷனரிகள் வந்து பாடம் எடுப்பார்கள். அவ்வளவுதான். குடி முழுகிவிடாது. இதை மாமியாருக்கு விளக்குவது உங்கள் வேலை இல்லை, அவர் மகனின் வேலை. ஒவ்வொருவர் பெற்றோரை அவரவர் சமாளிப்பது என்ற விதி இந்த வீட்டில் நிறையச் சண்டையைத் தவிர்த்திருக்கிறது.

பிள்ளைகள் வளர்ந்ததும் பிஷப் தனியாக அழைத்துப் பேசுவார். 2018இலிருந்து பிள்ளை விரும்பினால் பெற்றோரோ வேறு பெரியவரோ கூட உட்காரலாம். இதைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள். எங்கள் வீட்டில் எப்போதும் ஒருவர் கூட உட்காருவோம், இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"அம்மா நம்மோடு சொர்க்கத்துக்கு வரமாட்டாளா?" என்ற கேள்வி வந்தே தீரும். பதிலை இருவரும் முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவையுங்கள். எங்கள் வீட்டில் அப்பா, "அம்மா இல்லாத இடத்தைக் கடவுள் சொர்க்கம் என்று சொல்வார் என எனக்குத் தோன்றவில்லை" என்பார். நான், "செத்த பிறகு ஒன்றும் இல்லை என்று அம்மா நினைக்கிறேன், அதனால் இப்போதே மடியில் உட்கார்" என்பேன். இரண்டையும் கேட்டுவிட்டு அவர்கள் விளையாடப் போய்விடுவார்கள்.

சரித்திரத்தை மறைக்க வேண்டாம். 1978 ஜூன் வரை கறுப்பின ஆண்களுக்கு இந்தச் சபையில் ஆசாரியத்துவம், அதாவது சடங்குகளை நடத்தும் அதிகாரம் கிடையாது, கறுப்பினத்தவருக்குச் சீலிங் போன்ற டெம்பிள் சடங்குகளும் கிடையாது. என் நிறத்தில் இருக்கும் என் பிள்ளைகள் அதை வெளியே யாரிடமாவது கேள்விப்படுவதற்கு முன் வீட்டில் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். அவர் சம்மதித்து, தானே சொன்னார், சபையே வெளியிட்ட கட்டுரையை வைத்துக்கொண்டு. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எதை விவாதிக்கக் கூடாது

ஜோசப் ஸ்மித்துக்கு 30லிருந்து 40 மனைவிகள்வரை இருந்திருக்கலாம் என்று சபையே 2014இல் ஒரு கட்டுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறது. இதை நீங்கள் கண்டுபிடித்த நாளில் ஏதோ துப்பு துலக்கிவிட்டதாகத் தோன்றும். உங்கள் கணவர் இரண்டு வருடம் வீடு வீடாகப் போய்க் கதவைச் சாத்துவதையும் திட்டுவதையும் பார்த்து வந்தவர். உங்கள் வாதத்தில் அவருக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. அவராகக் கேட்டால் நினைப்பதைச் சொல்லுங்கள். கேட்காதபோது மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். அவரும் உங்கள் தலையணை அருகே மார்மன் புத்தகத்தை வைக்கக் கூடாது. இது இருவழி ஒப்பந்தம்.

உங்களுக்கென்று ஆட்கள் வேண்டும். அவருக்கு ஒரு வார்டே இருக்கிறது, நீங்கள் மட்டும் தனியாக இருந்தால் கசப்புதான் வளரும். நான் சவுத் ஜோர்டனில் உள்ள பிள்ளையார் கோயிலுக்குப் பொங்கலன்று போகிறேன். சாமிக்கில்லை, தமிழ் பேசுவதற்கு. அம்மா ஊரிலிருந்து வந்தபோது வேடிக்கையாக இருந்தது. அம்மாவும் மாமியாரும் ஒரு வார்த்தை பொது மொழி இல்லாமல், சாப்பிடும் முன் ஆளுக்கொரு சாமியைக் கும்பிட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒரே மாதிரி பெருமூச்சு விட்டார்கள்.

எப்போது உஷாராக வேண்டும்

"ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணம்" என்றால், நம்பாமல் எடுக்காதீர்கள். பின்னால் விலகும்போது வலி இரண்டு மடங்கு. நீங்களும் "கல்யாணத்துக்குப் பிறகு இவரை வெளியே இழுத்துவிடலாம்" என்ற எண்ணத்தோடு தாலி கட்டிக்கொள்ளாதீர்கள். தெரியாமல் பணம் போகிறது, பேசி முடித்ததை மீறிப் பிள்ளைக்குச் சடங்கு நடக்கிறது என்றால் அதை மதப் பிரச்சினையாகப் பார்க்காதீர்கள், அது நம்பிக்கைத் துரோகம். சண்டை முற்றினால் பிஷப்பிடம் பஞ்சாயத்துக்குப் போகவேண்டாம். நல்ல மனுஷராகவே இருந்தாலும் அவர் ஒரு பக்கத்து ஆள், பயிற்சி பெற்ற ஆலோசகரும் இல்லை. மத அமைப்போடு தொடர்பில்லாத ஒரு தம்பதி ஆலோசகரைத் தேடிப்போங்கள். இந்த ஊரில் இதே பிரச்சினையைத் தினமும் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

கடைசியாக, சாவு. இறந்தவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் பதிலாளாக ஞானஸ்நானம் எடுப்பது இந்தச் சபை வழக்கம். கடந்த 110 ஆண்டுகளுக்குள் பிறந்தவர் என்றால் நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த உறவினர் உங்கள் கணவர்தான். என் தாத்தா பாட்டி பெயர்களைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன், ஒப்புக்கொண்டார். என் பெயர்? கேட்டேன். "செய்யத்தான் ஆசை" என்றார். அப்புறம் அவரே, செத்தவர் அங்கே அதை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம், அப்படித்தான் போதனை என்றார். "அப்படியானால் செய்துகொள். அங்கேயும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்" என்றேன். "அங்கேயும் கேட்டுக்கொண்டே இருப்பேன்" என்றார். எரிப்பதா புதைப்பதா என்பதை மட்டும் இப்படி வாய்ப்பேச்சில் விடாமல் வக்கீலிடம் போய் எழுதிவிட்டோம். எனக்குத் தகனம், சடங்கு இல்லை. அவருக்கு அடக்கம், வார்டுக்காரர்கள் ஜெபம், பிறகு அந்த உருளைக்கிழங்கு.